இரவல் காரும் ஒரு புலமைப்பரிசிலும்

இங்கே சுவிஸில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாகனத் தரிப்பிடத்தில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் என் வேலைதான். இதைச் சொன்னால் பல்கலைக்கழகத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். மாணவர்களைச் சேர்ப்பது என்றால் அவர்களுக்கு கிம்னாசியம் என்கிற உயர்பள்ளியில் ஒரு மண்டபம், ஒரு மேடை, திரையில் படங்கள், கடைசியில் "கேள்விகள் உண்டா" என்று ஒரு கேள்வி. அந்த மண்டபங்களுக்கும் நான் போகிறேன். எங்கள் பிள்ளைகள் அங்கே கடைசி வரிசையில் இருந்துகொண்டு வாயே திறக்க மாட்டார்கள். தாய்மாரைப் பிடிக்க வேண்டுமென்றால் வாகனத் தரிப்பிடம்தான் சரி. எரித்திரியர்களின் தேவாலய வாசலுக்கும் கொங்கோக்காரரின் உதைபந்தாட்ட மைதானத்துக்கும் போயிருக்கிறேன். எல்லா இடத்திலும் தாய்மார் ஒரே மாதிரித்தான்.

புலமைப்பரிசில் கொடுக்கிற ஒரு சிறிய அறக்கட்டளையின் வேலைகளைப் பல்கலைக்கழகத்தில் இருந்து பார்ப்பது என் பொறுப்பு. முன்னொரு காலத்தில் மலைக் கிராமத்து ஏழை விவசாயிகளின் பிள்ளைகளைப் படிக்க வைக்க யாரோ ஒரு பணக்காரர் எழுதி வைத்த பணம் அது. இப்போது அந்த மலைக் கிராமங்களில் அவ்வளவு ஏழைகள் இல்லை. அதனால் பணம் எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. எங்கள் பக்கம் என்றால் யார் என்பதைச் சொல்லத்தான், பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற குழுவுக்கு வாய் வராது. "இடம்பெயர்வுப் பின்னணி கொண்டோர்" என்பார் ஒருவர். அது ஜெர்மனியிலிருந்து வந்த பல் வைத்தியரின் மகனுக்கும் பொருந்துமே என்பார் இன்னொருவர். "பல்வகைமை" என்று இழுப்பார் மூன்றாமவர். நிறம் என்ற சொல் மட்டும் வராது. ஒருநாள் எனக்குப் பொறுமை கெட்டுவிட்டது. சட்டைக் கையை மடித்து, கையை மேசையில் வைத்து, "இந்த நிறமும் இதைவிடக் கறுத்த நிறங்களும்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் எல்லாரும் கோப்பியைக் கலக்கினார்கள். அதன் பிறகு கூட்டங்கள் சீக்கிரம் முடிகின்றன.

நான் படித்த காலத்தில் விரிவுரை மண்டபத்தில் என் நிறத்தில் இன்னொருவரைக் கண்டால், அவர் துப்புரவு வண்டியோடு வந்தவராக இருப்பார். நாங்கள் இருவரும் தலையை ஆட்டிக்கொள்வோம். இதை நான் சோகமாகச் சொல்லவில்லை. எரிச்சலோடு சொல்கிறேன். எரிச்சல்தான் என்னை இந்த வேலையில் வைத்திருக்கிறது.

எங்கள் தாய்மாரிடம் துண்டுப்பிரசுரத்தை நீட்டினால் நடப்பது இதுதான். முதலில் அதில் இருக்கிற படத்தைப் பார்ப்பார்கள். பிறகு அக்கம்பக்கம் பார்ப்பார்கள். "எங்களுக்கு உது தேவைப்படாது, தங்கச்சி. ஆரும் கஷ்டப்பட்ட ஆக்களுக்குக் குடுங்கோ" என்று உரத்துச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே அதை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் வைப்பார்கள். திங்கட்கிழமை என் தொலைபேசி ஓயாது. ஒவ்வொருவராக எடுப்பார்கள். வேலையிடத்துக் குளியலறையிலிருந்து, ரயில் மேடையிலிருந்து, குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். "நான் எடுத்தது ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்" என்று எல்லாரும் சொல்வார்கள். அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

லாங்கன்தால் என்ற சிறு நகரத்தில் இருக்கிற ஒரு தாயும் அப்படித்தான் எடுத்தார். முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை. மூத்த மகள் கிம்னாசியம் முடித்திருந்தாள். கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. நுழைவுத் தேர்விலும் தேறிவிட்டாள். எங்கள் சனத்தில் டொக்டர் என்றால் மனிதருக்கு வைத்தியம் செய்கிறவர்தான். மாட்டுக்கு ஊசி போடுகிற டொக்டர் என்று கேட்டதும் எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று.

"அவர் வேண்டாம் எண்டுறார்" என்றார் தாய். அவர் என்றால் தகப்பன். "சோசியல் காசு எடுக்கிற குடும்பம் எண்டு நாலு பேர் கதைப்பினம் எண்டுறார்."

"அக்கா, இது அரசாங்கம் இல்லாதவைக்குக் குடுக்கிற சோசியல் காசு இல்லை. புலமைப்பரிசில்" என்றேன்.

"புலமைப்பரிசில் எண்டால் கெட்டிக்காரருக்கெல்லோ. இதில வருமானம் கேட்டிருக்கு."

இலங்கையில், ஊரில் ஐந்தாம் வகுப்பில் பரீட்சை எழுதி வென்று, பேப்பரில் படம் வருகிற புலமைப்பரிசில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. கெட்டிக்காரத்தனத்தோடு கஷ்டத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் கிடைக்கும் என்பது அவர்களுக்குப் புதிது. அது அவமானமாகவும் இருந்தது. மகளை அலுவலகத்துக்கு அனுப்புங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றேன்.

பிள்ளை வந்தாள். தொப்பி வைத்த சாம்பல் நிறச் சட்டை, முதுகில் பெரிய பை, வாய் நிறையப் பேர்ண் ஜெர்மன். என்னை "அன்ரி" என்று கூப்பிட்டாள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பொறுத்துக்கொண்டேன். வீட்டு நிலைமையை அவள்தான் ஒழுங்காகச் சொன்னாள். தகப்பன் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு நிற்கிற வேலை. போன குளிர்காலத்தில் முதுகு போய்விட்டது. இப்போது அரை நாள் வேலைதான். தங்கை இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கால்நடை மருத்துவத்தில் காலை முதல் மாலை வரை வகுப்பும் பண்ணைப் பயிற்சியும் இருக்கும். இடையில் கடையில் நின்று உழைக்க முடியாது. புலமைப்பரிசில் இல்லையென்றால் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. ஒப்பந்தமும் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்பக் கொஞ்ச நாள் அவகாசம் கேட்டிருந்தாள்.

"ஒரு வருசம் வேலை செய்திட்டுப் படிக்கலாம்தானே எண்டு அப்பா சொல்லுறார்" என்றாள்.

அந்த ஒரு வருடத்தின் கதி எனக்குத் தெரியும். ஒரு வருடம் இரண்டாகும். அதற்குள் தங்கைக்கு ஏதாவது வந்துவிடும். பிறகு கலியாணப் பேச்சு வரும். மாடுகள் அப்படியே நிற்கும்.

விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து செய்தோம். அதில் ஒரு சிக்கல் இருந்தது. வரிக் கணக்கில் இருந்தது போன வருட வருமானம். அப்போது தகப்பனின் முதுகு நன்றாக இருந்தது. அதைப் பார்க்கிறவருக்கு இந்தக் குடும்பம் பரவாயில்லையே என்றுதான் படும். இந்த வருடம் என்ன நடந்தது என்பதைக் குழுவில் இருந்து வீட்டுக்கு வருகிறவரிடம் வாயால் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த அறக்கட்டளையில் ஒரு பழைய விதி இருக்கிறது. குழுவில் ஒருவர் மாணவரின் வீட்டுக்குப் போய், குடும்பத்தோடு இருந்து ஒரு கோப்பி குடித்துவிட்டு வர வேண்டும். போய் வந்தவர் தன் அபிப்பிராயத்தைக் கூட்டத்தில் சொல்வார். பெரும்பாலும் அதுவே முடிவாகிவிடும். எழுதி வைத்த பணக்காரருக்குக் கடதாசிகளில் நம்பிக்கை இருக்கவில்லைப் போலும்.

லாங்கன்தாலுக்கு வரச் சம்மதித்தவர் குழுவிலேயே வயதானவர். எமென்டால் மலைப்பக்கத்தில் பிறந்து, மருந்தாளராக வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. கூட்டங்களில் அதிகம் பேச மாட்டார். பின்னலூசியை எடுத்துக் காலுறை பின்னிக்கொண்டிருப்பார். அவர் கேட்கிறாரா இல்லையா என்பதே எனக்குத் தெரிந்ததில்லை. போவதற்கு முதல்நாள் தாயைக் கூப்பிட்டு, "அக்கா, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. வேற ஒண்டும் செய்யவேண்டாம்" என்றேன். "ஓம் ஓம், நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்றார். அந்த "பாத்துக்கொள்ளுறம்" கேட்டபோதே நான் உசாராகியிருக்க வேண்டும்.

ரயிலால் இறங்கினோம். நிலைய வாசலில் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய கார் நின்றது. வங்கி முதலாளிகள் வைத்திருக்கிற வகை. அதன் பக்கத்தில் கோட்டுச் சூட்டோடு ஒரு மனிதர், முதுகை நிமிர்த்த முடியாமல் நிமிர்த்திக்கொண்டு நின்றார். தகப்பன்தான். அவரிடம் கதவு நசுங்கிய ஒரு சின்னப் பழைய கார் இருப்பது எனக்கு மகள் சொல்லித் தெரியும். என் கண்ணைப் பார்க்காமல் முன்கதவைத் திறந்து, பெண்மணியை இருத்தினார். நான் பின்னால் ஏறினேன். உள்ளே புதுத் தோலின் மணம்.

பாதி வழியில் மழை தூறத் தொடங்கியது. அவர் ஒரு பிடியை இழுத்தார். இடது பக்கச் சமிக்ஞை விளக்கு எரிந்தது. இன்னொன்றைத் தட்டினார். முன்கண்ணாடியில் சவர்க்காரத் தண்ணீர் பீச்சியது. மறுபடி ஏதோ செய்தார். பின்கண்ணாடி வைப்பர் மட்டும் மும்முரமாக ஆடத் தொடங்கியது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் சுற்றுவட்டத்தில் நின்றுவிட்டோம். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். எனக்குக் கார் ஓடத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படியே எட்டி எதையாவது அழுத்தியிருப்பேன். பெண்மணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, இந்தப் பக்கத்து மழை நீளாது, எங்கள் மலையில்தான் பிடித்தால் விடாது என்று மாடு, வைக்கோல், மழை என்று கதைத்துக்கொண்டே இருந்தார். தகப்பன் "யா, யா" என்றார். நெற்றியில் வேர்வை. ஒருவாறு மழை தானாகவே விட்டது.

வீட்டுக்குள் போனோம். மூன்றறை வீட்டின் வரவேற்பறையில் பாதியை அடைத்துக்கொண்டு வெள்ளைத் தோல் சோபா ஒன்று இருந்தது. மேல்மாடிக் குடும்பத்துடையது என்று பிறகு அறிந்தேன். காலையில் நாலு பேர் சேர்ந்து படியால் இறக்கியிருக்கிறார்கள். தாய் பின்னேர நேரத்தில் கூறைச்சேலை மாதிரி ஒரு பட்டுக் கட்டியிருந்தார். மேசையில் ரோல்ஸ், கட்லட், வடை, முறுக்கு, கேக், கேசரி. விதியில் சொல்லியிருந்த கோப்பி அந்தக் கூட்டத்துக்குள் ஒரு மூலையில் இருந்தது. சாம்பல் சட்டைப் பிள்ளை சுடிதார் போட்டு, இரண்டு கையிலும் முழங்கை வரை காப்பு அடுக்கியிருந்தாள். சான்றிதழை நீட்டும்போது அவை சறுக்கிச் சறுக்கிக் கீழே வந்தன. அவள் மேலே தள்ளித் தள்ளிவிட்டாள். அவளும் என்னைப் பார்க்கவில்லை.

பெண்மணி எல்லாவற்றிலும் ஒவ்வொன்று சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். படிப்புக் காலத்தில் எப்படிச் சமாளிப்பீர்கள்?

தகப்பன் சோபாவின் நுனியில் இருந்தபடி, "பிரச்சினை ஒன்றும் இல்லை" என்று ஜெர்மனில் சொன்னார்.

வேலை எப்படிப் போகிறது?

"மிக நல்லது."

உடம்பு?

"மிக நல்லது." சொல்லும்போது முதுகைக் கொஞ்சம் சரித்து உட்கார்ந்தார். வலித்திருக்கும்.

நான் இருமினேன். ஒருவரும் திரும்பவில்லை. அடுத்த வருடம் ஒரு வீடு வாங்குகிற யோசனையும் இருக்கிறது என்று அவர் தானாகவே எடுத்துவிட்டபோது, எழுந்து குளியலறைக்குப் போய்விட்டேன். அங்கே குளியல் தொட்டிக்கு மேல் பெரிய துவாய் ஒன்று விரித்திருந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். தொட்டி நிறையப் புத்தகம். உயிரியல், இரசாயனம், குதிரையின் எலும்புக்கூடு வரைந்த தடித்த புத்தகம் ஒன்று. ஒரு பக்கத்தில் மேசை விளக்கு, சுருட்டிய வயரோடு. வெள்ளைச் சோபாவுக்கு இடம் விடுவதற்காக, இந்தப் பிள்ளை வரவேற்பறை மூலையில் வைத்துப் படித்த மேசையைக் கழற்றியிருக்கிறார்கள். எனக்கு அழுகையும் வந்தது, நாலு பேரையும் பிடித்து உலுப்பவும் வேண்டும்போல் இருந்தது.

திரும்பும்போது ரோல்ஸ் ஒரு பொட்டலம், கேக் ஒரு பொட்டலம். ரயிலில் பெண்மணி பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு காலுறை பின்னினார். "நன்றாகச் சமைக்கிறார்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். குடும்பத்தைப் பற்றிப் போய்வந்தவரிடம் அலுவலகத்தில் இருக்கிறவர் கதைக்கக்கூடாது என்று ஒரு விதி. அதையும் அந்தப் பணக்காரர்தான் எழுதியிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் தகப்பனைத் தொலைபேசியில் பிடித்தேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் கீழே இறங்காது.

"அண்ணை, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? உங்களுக்கு உதவி தேவையில்லை எண்டு நீங்களே சொன்னா, அவை ஏன் தரப்போகினம்?"

"தங்கச்சி, வீட்டுக்கு வந்த ஆளுக்கு முன்னால என்னைக் கையேந்தச் சொல்லுறீங்களோ?"

"கையேந்தச் சொல்லேல்லை. உண்மையைச் சொல்லச் சொன்னனான்."

"என்ர பிள்ளை கெட்டிக்காரி எண்டது உண்மை. அதைப் பாத்துத் தரட்டும். என்ர முதுகைப் பாத்துத் தரவேண்டாம்."

அதற்கு மேல் அவர் கதைக்கவில்லை. வைத்துவிட்டார். எனக்குக் கொதித்தது. அதே நேரம் அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் பிழை என்று சொல்ல முடியவில்லை. அது இன்னும் கொதித்தது.

பிள்ளை இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்தாள். காப்புகள் போய், சாம்பல் சட்டை திரும்பியிருந்தது. ஒப்பந்தம் பைக்குள் இருந்தது. குழுக் கூட்டத்துக்கு அடுத்த நாள் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"நான் கூட்டத்தில எழும்பிச் சொல்லப்போறன்" என்றேன். "கார் வேற ஆற்றையோ, சோபா வேற ஆற்றையோ, அப்பாவுக்கு அரைநாள் வேலைதான் எண்டு. எனக்குக் கதைக்க உரிமை இல்லைத்தான். வந்தது வரட்டும்."

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம் அன்ரி."

"ஏன்?"

"அப்பா பொய் சொன்னவர் எண்டு இத்தனை பேருக்கு முன்னால சொல்லி வாற காசு எனக்கு வேண்டாம். நான் அதில படிக்கமாட்டன்."

"அப்ப மாடு?"

பையின் வாரை முறுக்கினாள். பிறகு ஜெர்மனில், மாடுகள் காத்திருக்கும் என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. மேசையில் இருந்த துடைப்புக் கடதாசியை நீட்டினேன். அப்பா அந்தக் காரை இரவல் வாங்க எத்தனை பேரிடம் போய் நின்றிருப்பார் என்று உங்களுக்குத் தெரியாது என்றாள். உதவி கேட்கத் தெரியாத மனிதர் எனக்காகக் கார் கேட்டுப் போயிருக்கிறார் என்றாள். சொல்லமாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். கொடுத்தேன். கொடுத்த பிறகு என் மீதே எரிச்சல்பட்டேன்.

கூட்டம் நடந்த அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். ஒரு கமரூன் மாணவனுடையதும் ஒரு சோமாலியப் பிள்ளையுடையதும் சுகமாக முடிந்தன. பிறகு லாங்கன்தால். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிக் கணக்கைப் பார்த்தார்.

"வருமானம் மோசமில்லை" என்றார். "புள்ளிகள் மிக நன்று. ஆனால் தேவை என்று பார்த்தால் எனக்குச் சந்தேகம். வீட்டுக்குப் போனவர் என்ன சொல்கிறார்?"

நான் மேசைக்கு அடியில் விரல்களைப் பின்னிக்கொண்டேன். ஒரு வாக்கைக் காப்பாற்றுவது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை காப்புறுதி அலுவலகத்தில் ஒரு திரைக்கு முன்னால் இருந்து, மாடு விழுந்து செத்ததற்கு விவசாயிக்கு நட்டஈடு கணக்குப் பார்ப்பது என் கண்ணில் தெரிந்தது.

பெண்மணி ஊசியை நிறுத்தவில்லை. "குறையொன்றும் இல்லை என்று தகப்பன் சொன்னார்" என்றார்.

"அப்படியென்றால்..."

"முழுத் தொகையும் கொடுக்க வேண்டும். படிப்பு முடியும்வரை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "குறையில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்களே. எதை வைத்துக் கொடுப்பது?"

"நான் போய்க் கோப்பி குடித்தேன்" என்றார் பெண்மணி. "விதி அவ்வளவுதான் கேட்கிறது. குடித்துவிட்டு வந்து, கொடுங்கள் என்று சொல்கிறேன். அந்தப் பிள்ளை நல்ல மாட்டு வைத்தியராக வருவாள். எங்கள் பக்கத்தில் இரவில் கூப்பிட்டால் வருவதற்கு ஆளில்லை."

ஒருவர் சிரித்தார். தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். கைகள் உயர்ந்தன. எழுதிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னார். எனக்கு விரல் பிரியவில்லை. பிறகுதான் எழுதினேன்.

கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் அவரைத் துரத்திப் பிடித்தேன். இப்போது முடிவு வந்துவிட்டது, இனிக் கதைக்கலாம். எப்படி என்று மட்டும் கேட்டேன்.

"சொந்தக் காருக்கு வைப்பர் எங்கே என்று தெரியாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை" என்றார். "உங்களுக்கு முன்னால் நானும் கை கழுவப் போனேன். தொட்டியில் விரித்திருந்த துவாயைத் தூக்கியும் பார்த்தேன்."

அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே சொன்னார். அந்தக் குழு ஒரு காலத்தில் அவர்களுடைய பண்ணை வீட்டுக்கும் வந்திருக்கிறது. அந்தப் பணத்தில் படித்த பெண்பிள்ளைகளில் அவரும் ஒருவர். ஆள் வருகிறார் என்று அம்மா அயல்வீட்டில் ஜன்னல் திரைச்சீலைகளும் ஒரு முழுப் பன்றித் தொடையும் இரவல் வாங்கினாராம். வந்த மனிதர் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டார். அயல்வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும்போது தொடையில் பாதிதான் இருந்ததாம்.

"ரோல்ஸ் இரவல் இல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை. அது அவர்களுடையது" என்றேன்.

"அதுதான் நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு, டிராமைப் பிடிக்கப் போய்விட்டார். எங்கள் சனத்துக்கு மட்டும்தான் இந்த வருத்தம் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் பிடிவாதத்துக்கு ஒரு கூட்டாளி கிடைத்ததில் எனக்கு உடம்பே இலேசானது. அலுவலகத்துக்கு வந்து, மத்தியானம் வைத்துவிட்டுப் போன சோற்றை ஆறிப்போனபடியே முழுவதும் சாப்பிட்டேன்.

பிள்ளைக்கு முதலில் எடுத்தேன். முழுத் தொகையும் கிடைத்துவிட்டது என்றேன். "நீங்கள் ஏதும் சொன்னீங்களோ?" என்று கேட்டாள். "ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை" என்றேன். அதன் பிறகுதான் அழுதாள். ஒப்பந்தத்தை என்ன செய்வது என்று கேட்டாள். குதிரைப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வை என்றேன்.

தகப்பனை நான் கூப்பிடவில்லை. பின்னேரம் அவரே எடுத்தார். பின்னால் தாயின் குரலும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"தங்கச்சி, பிள்ளை சொன்னவ."

"ஓம் அண்ணை. சந்தோசம்."

"அந்த அம்மா என்ன சொன்னவ?"

"பிள்ளை நல்ல வைத்தியரா வருவா எண்டு சொன்னவ. கொடுக்கத்தான் வேணும் எண்டு சொன்னவ."

"முதுகைப் பற்றி?"

"அது ஒருத்தரும் கதைக்கேல்லை."

அவர் மூச்சை இழுத்து விட்டார். மறுபக்கத்தில் அவர் எங்கோ இருக்கப் போவது கேட்டது. கதிரை கிறீச்சிட்டது. நான் ஏசுவேன் என்று எதிர்பார்த்தார் போல. எனக்கு ஏசுகிற எண்ணமெல்லாம் படிக்கட்டிலேயே போய்விட்டது.

"அந்தக் கார்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். "அந்தக் காரை நான் அண்டைக்கே திருப்பிக் குடுத்திட்டன், தங்கச்சி. அது எங்கட கார் இல்லை."

"தெரியும் அண்ணை."

"ஓம். உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும்." பேச்சை மாற்றினார். "பிள்ளையின்ர மேசையைத் திரும்பப் பூட்டியாச்சு. சோபாவும் மேல போயிட்டுது. இப்ப வீட்டில நடக்க இடம் இருக்கு."

"நல்லது."

"ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்கோ."

"அந்த அம்மாவை நாங்கள் ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேணும் எண்டு இவ சொல்லுறா. நன்றி சொல்ல." குரல் தாழ்ந்துவிட்டது. "எங்கட பழைய காரில கூட்டிக்கொண்டு வந்தா, அவ ஏறுவாவோ?"

அலுவலக ஜன்னலைத் திறந்து கொஞ்சம் காற்று வாங்கிக்கொண்டேன்.

"ஏறுவா, அண்ணை" என்றேன். "அதில வைப்பர் எங்கை இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதுகு நோகிறது, சிரிக்கவையாதேங்கோ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.